வேலை வேறு, ஆட்டம் வேறு: கேலிக் கால்பந்தில் ஒரு முன்கள வீரரின் வாழ்க்கை

டப்ளினில் இருக்கும் குரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேருக்கு மேல் உட்காரலாம். அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தின் (Gaelic football) அகில அயர்லாந்து இறுதிப் போட்டி நடக்கும் நாளில் அங்கே ஓர் இருக்கை காலியாக இருக்காது. டிக்கெட்டுக்காகத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் பிடிப்பார்கள். அன்றைக்கு அடித்து நொறுக்கி அணியை ஜெயிக்க வைக்கும் முன்கள வீரருக்குக் கிடைக்கும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், பதில்: சல்லிக்காசு இல்லை. ஒரு பதக்கம் கிடைக்கும், பயணச் செலவு கிடைக்கும், ஊரில் திருவிழா மாதிரி வரவேற்பு கிடைக்கும். அப்புறம் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். இன்றைய தேதியில் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய முன்கள வீரர் என்று பலரும் சொல்லும் கெர்ரி அணியின் டேவிட் கிளிஃபர்ட், கிலார்னியில் ஒரு பள்ளி ஆசிரியர்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கேலிக் கால்பந்தில் பாதி புரிந்த மாதிரி. ஒரு முன்கள வீரர் எப்படி உருவாகிறார், எத்தனை வருடம் ஆடுகிறார், ஆட்டம் நின்றபின் என்ன ஆகிறார் என்பதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரே ஒரு ஆளை வைத்துச் சொன்னால் எளிது. நான் எடுத்துக்கொள்வது மேட் கானர் என்பவரை. ஆஃபலி என்ற சிறிய கவுண்டிக்காரர்; கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம். அவரிடம் போவதற்கு முன், ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை.

ஆட்டம் எப்படி நடக்கிறது

ஒரு பக்கத்துக்கு 15 பேர். கோல்கீப்பர் ஒருவர், தடுப்பாட்டக்காரர்கள் ஆறு பேர், நடுக்களத்தில் இரண்டு பேர், முன்களத்தில் ஆறு பேர். பந்து உருண்டைதான். காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், கையால் தட்டி அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பந்தைத் தூக்கிக்கொண்டு நான்கு காலடிதான் ஓடலாம். அதற்குள் ஒருமுறை தரையில் தட்டி எடுக்க வேண்டும், அல்லது ஓடிக்கொண்டே காலில் போட்டு மறுபடி கைக்குக் கொண்டுவர வேண்டும். தரையில் தொடர்ந்து இரண்டு முறை தட்டக்கூடாது. எழுத்தில் படிக்கும்போது சிக்கலாகத் தெரியும். பத்து நிமிடம் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

கோல் கம்பம் 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பறந்து போனால் ஒரு புள்ளி. ஸ்கோரை எழுதும்போது இரண்டையும் கூட்டாமல் தனித்தனியாக எழுதுவார்கள். 1-15 என்றால் ஒரு கோல், 15 புள்ளி, கூட்டினால் 18. ஆகவே 0-17 எடுத்த அணி 1-15 எடுத்த அணியிடம் ஒரு புள்ளியில் தோற்கும். இந்தக் குறிப்பிட்ட கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முன்களத்து ஆறு பேரும் இரண்டு வரிசையாக நிற்பார்கள். 10, 11, 12 எண் போட்டவர்கள் முன்னும் பின்னும் ஓடி, நடுக்களத்திலிருந்து பந்தை வாங்கி முன்னே கொண்டுபோகிறவர்கள். 13, 14, 15 எண்காரர்கள் கோலுக்குப் பக்கத்தில் காத்திருப்பவர்கள். ஓரத்தில் நிற்கும் 13, 15 பெரும்பாலும் சின்ன உருவமாக, வெட்டித் திரும்பும் வேகத்தோடு இருப்பார்கள். நடுவில் 14 எண்காரர் உயரமாக, மேலே வரும் பந்தைத் தாவிப் பிடிப்பவராக இருப்பது பழைய வழக்கம். ஒவ்வொருவரையும் ஒட்டிக்கொண்டே ஒரு தடுப்பாட்டக்காரர் நிற்பார். இருவருக்கும் நடுவில் 70 நிமிடமும் தோளுரசல், சட்டையிழுப்பு, வாய்ச்சண்டை. நடுவர் பார்க்காத நேரத்தில் இன்னும் கொஞ்சம்.

இவர்களில் ஒருவருக்குத் தனிப் பொறுப்பு உண்டு: ஃப்ரீ கிக் அடிப்பது. எதிரணி தப்பு செய்தால் கிடைக்கும் உதையை அவர்தான் எடுப்பார். ஆட்டத்தின் ஸ்கோரில் பெரிய பங்கு இந்த உதைகளில் வரும் என்பதால், நம்பிக்கையான ஃப்ரீ கிக்காரர் இல்லாத அணி தேறாது. மேட் கானர் காலத்தில் பந்தைத் தரையில் வைத்துத்தான் உதைக்க வேண்டும். தோல் பந்து, ஈரத் தரை, பக்கவாட்டில் காற்று. கையிலிருந்தே உதைக்கலாம் என்ற விதி பிறகு வந்தது.

2025-இல் இன்னொரு மாற்றம் வந்தது. கோலிலிருந்து 40 மீட்டர் தூரத்தில் ஒரு வளைவுக் கோடு போட்டு, அதற்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி என்றார்கள். எப்போதும் மூன்று பேராவது எதிரணிப் பாதியில் நிற்க வேண்டும் என்றும் விதித்தார்கள். காரணம் எளிது. கடந்த பதினைந்து இருபது வருடங்களில் எல்லா அணிகளும் 13, 14 பேரைத் தன் கோலுக்கு முன்னால் குவித்துத் தடுக்க ஆரம்பித்தன. முன்கள வீரர் என்ற பெயர்தான் மிச்சம். அவரும் பின்னால் ஓடி வந்து தடுத்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கே சலிப்பாக இருந்தது. என் கணக்கில் அந்தப் புது விதிகள் முன்கள வீரருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தன.

யாருக்காக ஆடுகிறார்கள்

இந்த ஆட்டத்தை நடத்துவது கேலிக் அத்லெடிக் அசோசியேஷன். 1884 நவம்பர் 1-ஆம் தேதி டிப்பரரி கவுண்டியின் தர்லஸ் நகரில் ஒரு ஹோட்டலில் கூடித் தொடங்கிய அமைப்பு. அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயரின் ஆட்டங்கள் பரவி, சொந்த ஆட்டங்கள் அழிந்துவிடும் என்ற பயத்தில் உருவானது. அன்றிலிருந்து இன்றுவரை வீரர்களுக்கு ஆடுவதற்காகச் சம்பளம் கிடையாது.

அடித்தளம் கிளப். ஒவ்வொரு கிளப்பும் ஒரு கிராமத்தையோ ஒரு தேவாலயப் பங்கையோ சேர்ந்தது. ஆறு ஏழு வயதில் அங்கே சேரும் பையன், நன்றாக ஆடினால் கவுண்டி அணிக்குத் தேர்வாவான். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம். தீவு முழுக்க 32 கவுண்டிகள். அவை நான்கு மாகாணங்களில் அடங்கும். முதலில் மாகாணப் பட்டம், அதற்குப் பிறகு அகில அயர்லாந்துப் பட்டம், அதற்கான கோப்பை சாம் மகுவயர். கவுண்டி அணியில் ஆடுகிறவன் கிளப்பை விடுவதில்லை. ஞாயிறன்று 80,000 பேர் முன்னால் ஆடியவன், சில வாரம் கழித்துத் தன் ஊர் மைதானத்தில் சில நூறு பேர் முன்னால், சின்ன வயதிலிருந்து கூட ஆடியவர்களோடு ஆடுவான்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதுதான் விசித்திரமாக இருக்கும். ஆளை விலைக்கு வாங்கும் சமாசாரமே இல்லை. கெர்ரியில் பிறந்தால் கெர்ரி, ஆஃபலியில் பிறந்தால் ஆஃபலி. கெர்ரி இந்த ஆட்டத்தின் பெரிய வீடு. 30-க்கும் மேற்பட்ட அகில அயர்லாந்துப் பட்டங்கள் அவர்களிடம். எவ்வளவு பெரிய திறமைசாலியாக இருந்தாலும், சிறிய கவுண்டியில் பிறந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஒரு கோப்பையும் தொடாமல் போகலாம். வேறு அணிக்கு மாறிவிடலாமே என்று பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை.

வால்ஷ் ஐலண்ட் பையன்

மேட் கானர் பிறந்தது 1959-இல், ஆஃபலியில் வால்ஷ் ஐலண்ட் என்ற கிராமத்தில். பெயரில்தான் தீவு, சுற்றிலும் கடல் இல்லை. நாட்டின் நடுப்பகுதியில் பரந்து கிடக்கும் கரிச்சதுப்பு நிலத்துக்கு நடுவே கொஞ்சம் மேடான இடம். கண்ணுக்கு எட்டியவரை கருப்புச் சதுப்பு. அதை வெட்டிக் காயவைத்து எரிபொருளாக்குவதுதான் வெகுகாலம் அந்த வட்டாரத்தின் பிழைப்பு. ஆஃபலி கவுண்டி முழுவதும் சேர்த்து அப்போது 60,000 பேர் தேற மாட்டார்கள்.

அந்தச் சின்ன கிராமத்துக் கிளப் 1978 முதல் 1983 வரை ஆறு வருடம் தொடர்ந்து ஆஃபலி கிளப் பட்டத்தை வென்றது. 1978, 1979 இரண்டு வருடமும் லென்ஸ்டர் மாகாணக் கிளப் பட்டமும் அவர்களுக்குத்தான். அதில் பாதிப் பேர் ஒரே குடும்பம் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. மேட்டின் அண்ணன் ரிச்சி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் லியாம், டொமாஸ் என்று கானர்கள் எங்கும். இந்த நான்கு பேரும் பிறகு ஆஃபலி கவுண்டி அணியிலும் ஒன்றாக ஆடினார்கள். ரிச்சி கேப்டன். பற்றாக்குறைக்கு லவ்ரி சகோதரர்கள் மூன்று பேர் அதே அணியில். அவர்களில் முன்களத்தில் ஆடிய பிரெண்டன் லவ்ரியின் மகன்தான் 2019-இல் ஓபன் கோல்ஃப் பட்டம் வென்ற ஷேன் லவ்ரி. அப்பா ஆடிய ஆட்டத்தில் பணம் இல்லை, மகன் ஆடும் ஆட்டத்தில் கோடிக்கணக்கில்.

மேட் படித்து முடித்து அயர்லாந்துப் போலீஸில் சேர்ந்தார். பகலில் சீருடை, சாயங்காலம் பயிற்சி, ஞாயிறு ஆட்டம். 1978-இல் கவுண்டி சீனியர் அணியில் இடம். அணியின் மேலாளர் யூஜின் மெகீ. அவர் ஆஃபலிக்காரரே இல்லை; லாங்ஃபோர்டு கவுண்டியைச் சேர்ந்த பத்திரிகையாளர். வெளியூர்க்காரர் வந்து நம் பையன்களை நடத்துவதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

மேட் எப்படி ஆடுவார்? பெரிய உடம்பு இல்லை, மிரட்டும் வேகம் இல்லை. இரண்டு காலாலும் ஒரே மாதிரி உதைப்பார். தடுப்பவருக்கு இது பெரிய தலைவலி. பெரும்பாலான வீரர்களுக்கு ஒரு கால்தான் நம்பகம் என்பதால், தடுப்பவர் அந்தப் பக்கத்தை அடைத்து, ஆளை மறுபக்கம் தள்ளிவிடுவார். மேட்டிடம் அந்த வித்தை பலிக்காது. இடதுபக்கம் அடைத்தால் வலது, வலது அடைத்தால் இடது. அதோடு பதற்றமே படாத ஃப்ரீ கிக்காரர்.

1980 அரையிறுதியை எடுத்துக்கொள்வோம். எதிரணி கெர்ரி. அந்தக் கெர்ரி அணியைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும்: மிக் ஓ'ட்வயர் மேலாளராக இருந்து 1975-க்கும் 1986-க்கும் இடையில் எட்டு பட்டங்களை வாரிய அணி. அவர்களுக்கு எதிராக மேட் ஒருவர் மட்டும் 2-9 எடுத்தார். இரண்டு கோல், ஒன்பது புள்ளி, கூட்டினால் 15. ஆஃபலி மொத்தம் 4-10, அதாவது 22. அணியின் ஸ்கோரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒரே ஆளுடையது. கெர்ரி 4-15 எடுத்து ஐந்து புள்ளியில் ஜெயித்தது. ஒரு முன்கள வீரர் செய்யக்கூடியதன் எல்லை எது என்று கேட்டால் நான் காட்டுவது பதக்கம் வாங்கித் தந்த ஆட்டத்தை இல்லை, தோற்ற இந்த ஆட்டத்தைத்தான். 15 எடுத்தும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

1981 இறுதிப் போட்டியிலும் அதே கெர்ரி, அதே முடிவு: 1-12-க்கு 0-8. கெர்ரிக்கு அது தொடர்ந்து நான்காவது பட்டம்.

1982, கடைசிச் சில நிமிடங்கள்

அதுவரை தொடர்ந்து ஐந்து முறை எந்த அணியும் வென்றதில்லை. 1982 செப்டம்பர் 19-ஆம் தேதி, மறுபடி கெர்ரியும் ஆஃபலியும். கெர்ரியில் ஐந்தாவது பட்டத்துக்கான பனியன்களை முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்கள். யார் கேட்டாலும் ஆஃபலிக்கு வாய்ப்பில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

முதல் பாதியில் இரண்டு அணிகளும் விட்டுக்கொடுக்காமல் ஆடின. இரண்டாம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. கெர்ரிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மைக்கி ஷீஹி உதைக்க, ஆஃபலி கோல்கீப்பர் மார்ட்டின் ஃபர்லாங் தடுத்துவிட்டார். அப்படியும் கெர்ரி மெல்ல மெல்ல விலகிப் போய், முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கையில் 0-17-க்கு 0-13 என்று நான்கு புள்ளி முன்னால் நின்றது.

இங்கேதான் ஃப்ரீ கிக்காரரின் வேலை. நான்கு புள்ளி இடைவெளி என்றால் ஒரு கோல் போட்டாலும் போதாது. மேட் கானருக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஃப்ரீ கிக். நனைந்த பந்து, வழுக்கும் தரை, இருக்கைகளில் காது கிழியும் சத்தம். இரண்டையும் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார். 0-17-க்கு 0-15. இப்போது இடைவெளி இரண்டு. ஒரு கோல் விழுந்தால் ஆட்டம் கவிழும்.

அந்தக் கோல் விழுந்தது. லியாம் கானர் பின்களத்திலிருந்து உயரமாக ஒரு பந்தை உள்ளே அடித்தார். சற்றுமுன் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த ஷேமஸ் டார்பி, கெர்ரியின் டாமி டாய்ல் தலைக்குப் பின்னால் அதைப் பிடித்தார். டாய்லை முதுகில் தள்ளினாரா இல்லையா என்று இன்றுவரை கெர்ரிக்காரர்கள் வழக்காடுகிறார்கள். நடுவர் விசில் ஊதவில்லை. டார்பி திரும்பி ஒரே உதை, வலையின் மேல் மூலையில் பந்து. 1-15-க்கு 0-17. முன்னே சொன்ன அந்தக் கணக்கு இதுதான்.

அயர்லாந்தில் யாரைக் கேட்டாலும் 1982 என்றால் டார்பி கோல் என்பார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஃப்ரீ கிக்கை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. முன்கள வீரர்கள் உலகத்தில் இது எப்போதும் நடப்பதுதான். கோல் கதையாகிவிடும், புள்ளிகள் கணக்கில் மட்டும் கிடக்கும். அன்றைக்கு மேட் எடுத்தது ஏழு புள்ளி. தொடர்ந்து ஐந்து பட்டம் என்ற சாதனை அதற்குப் பிறகு 2019 வரை காத்திருந்தது. அதைச் செய்த டப்ளின் அணி, அந்த இறுதிப் போட்டியில் வென்றதும் கெர்ரியைத்தான்.

ஆஃபலிக்காக மேட் கானர் ஆடிய ஆட்டங்கள் 161. எடுத்தது 82 கோல், 606 புள்ளி. கூட்டினால் 852, ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்துக்கு மேல். அயர்லாந்து முழுவதிலும் அதிக ஸ்கோர் எடுத்தவர் என்று தொடர்ந்து ஐந்து வருடம் அவர் பெயர்தான் முதலில் இருந்தது.

25 வயதில்

1984 கிறிஸ்துமஸ் தினம். டல்லமோர் அருகே மேட் ஓட்டிய கார் விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வயது 25. ஒரு முன்கள வீரர் உச்சத்துக்கு வருகிற வயது அது. சாதாரணமாக இன்னும் ஏழெட்டு வருடம் ஆடியிருப்பார்.

அதன்பின் சக்கர நாற்காலி. மேட் போலீஸ் வேலைக்குத் திரும்பினார். டல்லமோர் நிலையத்தில் பணி. ஆஃபலியை விட்டு எங்கும் போகவில்லை, ஆட்டத்தை விட்டும் போகவில்லை. அவர் பேட்டி கொடுப்பதே அபூர்வம். கொடுத்தவற்றிலும் தன் மேல் இரக்கப்பட இடம் வைத்ததில்லை, ஆடின காலத்தைப் பெரிதாகப் பேசிக்கொண்டதும் இல்லை. அவரைப் பற்றிப் புகழ்ந்து பேசுகிறவர்கள் மற்றவர்கள்தான், அதிலும் முக்கியமாகக் கெர்ரிக்காரர்கள்.

இங்கே சம்பளமில்லாத ஆட்டத்தின் இரண்டு முகமும் தெரிகிறது. தொழில்முறை வீரர் ஒருவருக்கு 25 வயதில் இப்படி நேர்ந்தால், உடம்போடு சேர்ந்து பிழைப்பும் போய்விடும். கூடவே பெரிய காப்பீட்டுத் தொகையும் வரும். மேட்டின் பிழைப்பு முதலிலிருந்தே பந்தில் இல்லை. அவருக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலைக்குத் திரும்ப முடிந்தது. ஊர் அவருடையது, கூட ஆடியவர்கள் அண்ணனும் உறவுக்காரர்களும். வேறு அணியிலிருந்து விலைக்கு வந்தவராக இருந்தால் ஒப்பந்தம் முடிந்ததும் தொடர்பும் முடிந்திருக்கும். மறுபக்கம், நாட்டிலேயே அதிக ஸ்கோர் எடுத்த ஐந்து வருடத்துக்கு அவர் கையில் சேர்ந்த பணம் எதுவும் இல்லை. இதை நியாயம் என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. அரங்கு நிறைகிறது, தொலைக்காட்சி உரிமை விற்கிறது. வரும் பணத்தில் பெரும்பங்கு கிளப்புகளுக்கும் மைதானங்களுக்கும் திரும்பிப் போகிறது என்று சங்கம் சொல்கிறது. அது உண்மைதான். ஆடினவனுக்கு என்ன என்ற கேள்வியும் உண்மைதான்.

ஆஃபலி அதற்குப் பிறகு அகில அயர்லாந்துக் கால்பந்துப் பட்டம் வென்றதில்லை. லென்ஸ்டர் மாகாணப் பட்டமே 1997-இல்தான் மறுபடி கைக்கு வந்தது.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்

மேட்டின் கதை விபத்தால் திசை மாறியது. வழக்கமான கதை இப்படிப் போகும்: முப்பது முப்பத்திரண்டு வயதில் முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மக்கர் செய்யத் தொடங்கும். கவுண்டி அணியிலிருந்து விலகுவார். கிளப்பில் இன்னும் நாலைந்து வருடம் ஆடுவார். வேகம் குறையக் குறைய ஓடுகிற 10, 12 எண்ணிலிருந்து நிற்கிற 14-க்கு நகர்வார். அப்புறம் சிறுவர்களுக்குப் பயிற்சி, கிளப் மேலாளர், கொஞ்சம் வாய்ச்சாலகம் இருந்தால் தொலைக்காட்சி விமரிசகர்.

டார்பியின் கதை இதில் சேராது. ஒரே உதையில் தேசம் முழுக்கத் தெரிந்த முகமானார். ஆனால் அதற்குப் பின் வியாபாரத்தில் நொடித்து, லண்டனுக்குக் குடிபெயர்ந்து, அங்கே மதுக்கூடம் நடத்தினார். 1980-களில் அயர்லாந்தில் வேலையில்லாமல் பல்லாயிரம் பேர் வெளியேறினார்கள். கோல் அடித்த புகழ் யாருக்கும் விதிவிலக்கு வாங்கித் தரவில்லை.

கெர்ரியின் கொலம் கூப்பர் இன்னொரு விதம். செம்பட்டைத் தலை, ஒடிசலான உடம்பு, எதிரியை நிற்கவைத்துவிட்டுப் போகும் நுணுக்கம். அவர் வேலை வங்கியில். 2017-இல் ஆட்டத்தை விட்டபின் அவருக்காக டப்ளினில் ஒரு நிதி விருந்து ஏற்பாடானது. பணத்தில் ஒரு பங்கு அறக்காரியங்களுக்கு, மிச்சம் அவருக்கு. உடனே நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. இத்தனை வருடம் மகிழ்வித்தவன் வாங்கினால் என்ன என்று ஒரு பக்கம். இன்றைக்கு இவர், நாளைக்கு எல்லாரும், அப்புறம் ஆட்டம் என்னாவது என்று மறுபக்கம். விதிப்படி தடையேதும் இல்லை. விருந்து நடந்தது. முணுமுணுப்பும் நிற்கவில்லை.

பணம் வேண்டும் என்றால் ஒரு வழி ஆஸ்திரேலியா. அங்கே ஆடும் கால்பந்துக்கும் இதற்கும் உறவு நெருக்கம் என்பதால், திறமையான பையன்களை அந்த ஊர் அணிகள் சம்பளத்துக்கு அழைத்துப் போகும். கெர்ரியின் டைக் கென்னலி அப்படிப் போய், 2005-இல் சிட்னி அணியோடு அங்குள்ள பட்டத்தை வென்றார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 2009-இல் கெர்ரியின் முன்களத்தில் ஆடி அகில அயர்லாந்துப் பட்டமும் வாங்கினார். சம்பளம் வாங்கிய இடத்திலிருந்து சம்பளமே இல்லாத இடத்துக்கு ஒருவர் ஏன் வந்தார் என்றால், அவர் அப்பா டிம் கென்னலியும் கெர்ரி அணிக்காரர். 1982-இல் டார்பியின் கோலைப் பின்களத்தில் நின்று பார்த்தவர்களில் ஒருவர்.

அர்மா கவுண்டியின் ஓஷின் மெக்கான்வில் கதை கொஞ்சம் இருட்டு. 2002 இறுதிப் போட்டியில் முதல் பாதியில் பெனால்டியைத் தவறவிட்டார். இரண்டாம் பாதியில் கோல் அடித்தார். அர்மா தன் வரலாற்றின் முதல் பட்டத்தை 1-12-க்கு 0-14 என்று வென்றது. அந்தச் சமயம் எல்லாம் அவர் சூதாட்டத்துக்கு அடிமை. பந்தயக் கடையில் சம்பளமும் கடனும் கரைந்துகொண்டிருந்தது, அணியில் பலருக்குத் தெரியாது. 2005-இல் சிகிச்சைக்குப் போனார். மீண்டு வந்து, பகிரங்கமாகப் பேசினார், அதே பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆலோசகராகவும் ஆனார். விக்லோ கவுண்டி அணிக்கு மேலாளராகவும் இருந்தார். பந்தய நிறுவனங்களின் விளம்பரப் பணம் இனி வேண்டாம் என்று சங்கம் 2018-இல் முடிவெடுத்தது; அவரைப் போல வெளியே வந்து பேசியவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

டெரி கவுண்டி வென்ற ஒரே பட்டம் 1993-இல். அந்த அணியில் ஓர முன்கள வீரர் ஜோ பிராலி. தொழில் வழக்கறிஞர். கோல் அடித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பறக்கும் முத்தம் கொடுப்பார்; எதிரணி ரசிகர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு தொலைக்காட்சியில் அதே குறும்போடு பேசிப் பாதி நாட்டைக் கோபப்படுத்தினார். 2012-இல், தன் கிளப்பில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது பழக்கமான ஒருவருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார். மாற்றுச் சிகிச்சை பலன் தரவில்லை. அதற்குப் பிறகு உறுப்பு தானத்துக்காகப் பிரசாரம் செய்வதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

பார்க்கத் தொடங்குவதென்றால்

மாகாண ஆட்டங்கள் ஏப்ரல் வாக்கில் தொடங்கும்; இறுதிப் போட்டி ஜூலைக் கடைசியில். முன்பெல்லாம் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு. கவுண்டி ஆட்டம் முடிந்ததும் கிளப் ஆட்டங்கள் சூடுபிடிக்கும். அகில அயர்லாந்துக் கிளப் இறுதி ஜனவரியில், குளிரில். முதல் முறை பார்க்கும்போது பந்தையே துரத்தாமல், 13 அல்லது 15 எண் போட்ட ஒருவரை மட்டும் கால் மணி நேரம் கவனியுங்கள். பந்து அவரிடம் வரும் முன் இரண்டடி வெளியே ஓடி, தடுப்பவரை இழுத்துக்கொண்டு போய், சட்டென்று உள்ளே திரும்புவார். பத்தில் எட்டு முறை பந்து வராது. மறுபடி அதையே செய்வார்.

மைதானத்தில் விற்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தில் 15 பேரின் பெயரும் இருக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவரது கிளப் அச்சாகியிருக்கும். 1982 பட்டியலில் ஆஃபலி வரிசையில் வால்ஷ் ஐலண்ட் என்ற பெயர் நான்கு முறை வரும்.